ஜூலியஸ் நாற்காலியில் லொரைன்

லொரைனுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. கோயிலில் பிரசங்கம் நீண்டால் பாட்டுப் புத்தகத்தின் மடங்கிய முனைகளை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருப்பாள். பேருந்தில் ஏறினால் கைப்பையில் சேர்ந்த பழைய ரசீதுகளைக் கிழித்துக்கொண்டே வருவாள். பலதுறை மருந்தகத்தில் மருந்து கொடுக்கும் கவுண்டரில் அவளுக்கு வேலை. அங்கே வரிசை எண்ணை இயந்திரம்தான் கூப்பிடும். எண் விழுந்ததும் எதிரில் வந்து நிற்பவரிடம் லொரைன் முதலில் பெயரைக் கேட்பாள், பிறகு அடையாள அட்டையைக் கேட்பாள். ஒருமுறை சொந்த நாத்தனார் வந்து நின்றபோதும், "உங்க பேரு சொல்லுங்க" என்று கேட்டுவிட்டாள். அந்த நாத்தனார் அடுத்த கிறிஸ்துமஸ் வரை அவளோடு சரியாகப் பேசவில்லை.

அவள் கணவர் ஜூலியஸ் இதற்கு நேர்மாறு. நாள் முழுக்க அசையாமல் உட்காரச் சொன்னாலும் உட்காருவார், எதிரில் ரேடியோப் பெட்டி இருந்தால் போதும். வேலை என்று பார்த்தால் நகரத்தில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் குளிர்சாதன இயந்திரங்களைக் கவனிக்கும் மேற்பார்வையாளர். ஆனால் அவரிடம் "என்ன செய்யறீங்க" என்று யாராவது கேட்டால் "நான் ஒரு ஹாம்" என்றுதான் முதலில் சொல்வார். கேட்டவர் பன்றி இறைச்சியை நினைத்து விழிப்பார். அரசாங்கத்திடம் பரீட்சை எழுதி, உரிமம் வாங்கி, வீட்டிலிருந்தே ரேடியோ வழியாக உலகத்தில் இருக்கும் மற்ற உரிமக்காரர்களோடு பேசுகிற பொழுதுபோக்கு அது. ஒவ்வொருவருக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அழைப்புக் குறி உண்டு. அதைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும்.

சிங்கப்பூரில் ஜாலான் புசார் பக்கத்தில், இரும்புக் கடைகளின் கூரையெல்லாம் கீழே தெரிகிற பன்னிரண்டாவது மாடி வீடு அவர்களுடையது. சமையலறை ஜன்னலுக்கு வெளியே துணி காயவைக்கும் கம்புகளைச் செருகுவதற்குக் குழாய்கள் இருக்கும் அல்லவா, அதில் ஒன்றில் ஜூலியஸ் தன் ஆன்டெனாவைச் செருகிவைத்திருந்தார். கல்யாணமான புதிதில் தொடங்கிய சண்டை அது. "நான் பெட்ஷீட்டை எங்க போடறது? உங்க தலையிலயா?" என்று லொரைன் கேட்பாள். மழைநாளில் அந்தச் சண்டை சூடு பிடிக்கும். மகள் டானியலா பிறந்து, வளர்ந்து, பெர்த்துக்கு வேலைக்குப் போன பிறகும் அந்தக் கம்பு அந்தக் குழாயிலேயே இருந்தது.

இப்போதெல்லாம் ஹாம்கள் வாயால் பேசுவது குறைந்துவிட்டது. கணினியை ரேடியோவோடு இணைத்துவிடுகிறார்கள். பதினைந்து வினாடி அது மெலிதாக ஊளையிட்டுக் கூப்பிடும், அடுத்த பதினைந்து வினாடி வாயை மூடிக்கொண்டு எதிராளி பேசுவதைக் கேட்கும். யாரைக் கூப்பிட வேண்டும் என்று மனிதன் ஒரு தட்டு தட்டினால் போதும், மற்ற மரியாதை எல்லாம் கணினியே செய்துகொள்ளும். அதனால்தான் வம்பு வந்தது. மனிதன் தட்டவே வேண்டாம், கணினியே ஆளைத் தேடிப் பிடித்துப் பேசிமுடித்துக் கணக்கில் எழுதிக்கொள்ளும் என்கிற நிரலும் சிலரிடம் வந்துவிட்டது. ஜூலியஸுக்கு அந்தப் பேச்சை எடுத்தாலே பிடிக்காது. உரிமத்தில் இருக்கும் வாசகத்துக்கு வக்கீல்கள் என்ன பொருள் சொல்வார்களோ தெரியாது, ஜூலியஸ் சொல்லும் பொருள் ஒன்றுதான்.

"மெஷின் தானா பேசக் கூடாது. பக்கத்துல ஆள் உட்கார்ந்திருக்கணும்."

இதை லொரைன் எத்தனை தடவை கேட்டிருப்பாள் என்று சொல்ல முடியாது. தொலைபேசியில் சொல்வார், சாப்பாட்டு மேசையில் சொல்வார், பங்குக் கோயிலில் நடந்த, இதற்குச் சம்பந்தமே இல்லாத விருந்தில்கூடச் சொல்லியிருக்கிறார். கக்கூசுக்குப் போனாலும் ரேடியோவை நிறுத்திவிட்டுத்தான் போவார். "அஞ்சு நிமிஷத்துல அது என்ன கவர்மென்டையா கவிழ்க்கப் போகுது?" என்று லொரைன் கேட்டால், "ரூல்னா ரூல்" என்று கதவைச் சாத்திக்கொள்வார்.

இந்த ரூலால் அவருக்கு ஒரு நல்ல சிநேகமே போயிற்று. கிளமெண்டியில் இருக்கும் கோவிந்தசாமி, ஓய்வுபெற்ற தொழிற்கல்வி ஆசிரியர், ஜூலியஸைவிட மூத்தவர், அவரும் ஹாம். ஒரு சனிக்கிழமை காலை தேக்கா சந்தையில் கோவிந்தசாமி மீன்கடையில் நின்று பாறை மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். லொரைனோடு காய்கறி வாங்க வந்த ஜூலியஸ் அவரைப் பார்த்தார், பிறகு தன் கைப்பேசியைப் பார்த்தார். எந்த நிலையம் இப்போது ஒலிபரப்புகிறது என்று காட்டும் வரைபடம் அதில் உண்டு. கோவிந்தசாமியின் அழைப்புக் குறி அந்த நிமிஷம் பிரேசில்காரனோடு பேசிக்கொண்டிருந்தது.

"அண்ணே! நீங்க இங்க மீன் வாங்கறீங்க, உங்க ஸ்டேஷன் அங்க பிரேசில்கிட்ட பேசிட்டிருக்கு! யாரு உட்கார்ந்திருக்கா அங்க?"

"ரிமோட் ஜூலியஸ், ரிமோட். போன்லயே கன்ட்ரோல் பண்ணலாம் லா."

"போன் எங்க இருக்கு? பாக்கெட்ல இருக்கு. கை எங்க இருக்கு? மீன் வாய்க்குள்ள இருக்கு!"

மீன்கடைக்காரர் அஜீஸ் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார். கோவிந்தசாமி மீனை வாங்காமலே போய்விட்டார். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. லொரைனுக்குத்தான் வெட்கமாகப் போயிற்று, அந்தக் கடைப்பக்கமே கொஞ்ச நாள் போகவில்லை.

சரி, தீவு விஷயத்துக்கு வருவோம். ஜூலியஸின் அறைச் சுவரில் ஓர் உலகப் படம் ஒட்டியிருக்கும். பேசிமுடித்த நாடுகளிலும் தீவுகளிலும் எல்லாம் சிவப்புக் குண்டூசி குத்தியிருக்கும். தென்கடலில் பென்குவினும் காற்றும் மட்டும் குடியிருக்கிற ஒரு தீவில் மட்டும் ஊசி இல்லை. அங்கே மனிதர்கள் கிடையாது. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சில ஹாம்கள் பணம் சேர்த்துக் கப்பல் பிடித்துப் போய், கூடாரம் போட்டு, கொஞ்ச நாள் ஒலிபரப்பிவிட்டு வருவார்கள். போன தடவை அவர்கள் போனபோது ஜூலியஸின் கட்டடத்தில் குளிர்சாதனம் மொத்தமாகப் படுத்துவிட்டது. அவர் அதைச் சரிபண்ணி வீடு திரும்புவதற்குள் கப்பல் கிளம்பிவிட்டது. அந்த இடத்தில் குத்துவதற்கு என்று ஓர் ஊசியை எடுத்துப் படத்தின் ஓரத்தில் தனியாகக் குத்திவைத்திருந்தார். லொரைன் தூசி தட்டும்போதெல்லாம் அதைப் பார்ப்பாள்.

இந்தத் தடவை கப்பல் போயிற்று. ஜூலியஸ் விடுப்பு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். உலகமே அந்தத் தீவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பெரிய கோபுரம் வைத்திருப்பவர்களுக்கு நடுவில் துணிக்கம்பு ஆன்டெனாவை யார் கேட்பது? நாள் முழுக்கக் கூப்பிட்டும் பதில் வரவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் நெஞ்சு வலித்தது. ரத்தக்குழாயில் மூன்று இடத்தில் அடைப்பு, உடனே பைபாஸ் என்றார்கள். அறுவைக்குக் குறித்த நாள், தீவுக்காரர்கள் கூடாரத்தைப் பிரிக்கும் நாள்.

அந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? "டாக்டர், ஒரு நாள் தள்ளிப் போட முடியுமா? தென்கடல்ல ஒரு தீவு…" என்று ஆரம்பித்தார்.

டாக்டர் அனுப்ரியா சின்னப் பெண். "அங்கிள், தீவு அங்கயேதான் இருக்கும். நீங்க இருக்கணும்ல?" என்றார். லொரைன் அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ளாத குறை.

அறுவை நாள் காலையில் டானியலாவும் பெர்த்திலிருந்து வந்துவிட்டாள். படுக்கையைத் தள்ளிக்கொண்டு போகும்போது ஜூலியஸ் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். ஏதோ முக்கியமாகச் சொல்லப்போகிறார் என்று லொரைன் குனிந்தாள்.

"அவங்க இன்னிக்குச் சாயந்தரம் மூட்டை கட்டிடுவாங்க, லொரைன்."

கதவு மூடிக்கொண்டது. லொரைனுக்கு அழுகையும் வந்தது, ஒரு அறை விடலாமா என்றும் வந்தது.

முடிய அஞ்சாறு மணி நேரம் ஆகும், இங்கே உட்கார்ந்திருந்தும் ஒன்றும் ஆகப்போவதில்லை, வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள் என்றார் தாதி. லொரைன் கொஞ்ச நேரம் காத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்து பார்த்தாள். மேசையில் கிடந்த சஞ்சிகைகளைத் தேதிவாரியாக அடுக்கினாள். பக்கத்திலிருந்தவரின் குடையை மடித்துக் கட்டிக்கொடுத்தாள். அதற்குமேல் முடியவில்லை. திடீரென்று எழுந்தாள்.

"நீ இங்க இரு, டானி. நான் வீட்டுக்குப் போறேன்."

"மம்மி, சீரியஸ்லி? இப்பவா? டாடி உள்ள இருக்காரு!"

"அதனாலதான் போறேன்."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஜன்னலுக்கு வெளியே காய்ந்த துணிகளை உள்ளே இழுத்தாள், ஆன்டெனாவுக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று. வாழ்க்கையிலேயே முதல் தடவை. பிறகு ஜூலியஸ் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். எந்தப் பொத்தானை முதலில் அழுத்துவது, எதை அப்புறம் அழுத்துவது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். இத்தனை வருஷம் காப்பி கொண்டுவந்து வைக்கும்போதெல்லாம் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தவள்தானே. திரையில் தீவின் குறி தெரிந்தது. அதன்மேல் தட்டினாள். ரேடியோ ஊளையிட்டுக் கூப்பிட்டது, பிறகு கேட்டது. மறுபடி கூப்பிட்டது, மறுபடி கேட்டது.

இந்தத் தாளம் அவளுக்குப் பழக்கமானதுதான். தினமும் மாலையில் அவளும் ஜூலியஸும் ஜெபமாலை சொல்வார்கள். முதல் பாதியை ஒருவர் சொல்ல, மறு பாதியை மற்றவர் முடிப்பார். அன்றைக்கு முதல் பாதியைச் சொல்கிறவர் அறுவைக் கூடத்தில் கிடந்தார். லொரைன் இடது கையில் ஜெபமாலையை எடுத்துக்கொண்டாள். ரேடியோ கூப்பிடும்போது அவள் சொல்வாள், அது கேட்கும்போது அவளும் நிறுத்துவாள்.

அந்த நிரலில் ஒரு காவல் உண்டு. சில நிமிஷம் யாரும் எதையும் தொடாவிட்டால், ஆள் எழுந்து போய்விட்டார் என்று நினைத்து ஒலிபரப்பை அதுவே நிறுத்திவிடும். அது நிற்கும்போதெல்லாம் லொரைன் மறுபடி தட்டினாள். ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றுதானே அவர் எப்போதும் சொல்வார். அவள் எழுந்திருக்கவே இல்லை. தண்ணீர் குடிக்கவில்லை, பாத்ரூமுக்குப் போகவில்லை. ஊரில் எல்லாருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது தீவு. இவளுக்கு மட்டும் சொல்லவில்லை.

ஒரு கட்டத்தில் அவளுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. ஆத்திரத்தில்தான் அந்த நேர்ச்சையை நேர்ந்தாள். "மாதாவே, இந்தப் பாழாப்போன தீவு பதில் சொல்லிட்டா அவர் பொழைச்சு வந்துடுவாருன்னு நான் எடுத்துக்கறேன்" என்று வாய்விட்டே சொன்னாள். சொன்ன பிறகுதான் பயம் பிடித்தது. பதில் வராவிட்டால்? நேர்ந்ததைத் திருப்பி வாங்க முடியுமா? விடாமல் தட்டிக்கொண்டே இருந்தாள்.

வெயில் சாய்கிற நேரத்தில் திரையில் ஒரு வரி சிவந்தது. தீவின் குறி முதலில், அடுத்து ஜூலியஸின் குறி. கணினி தன் பாட்டுக்கு மரியாதை சொன்னது, அந்தப் பக்கமிருந்து முடிவு வாசகம் வந்தது, வரி பச்சையாகிக் கணக்கில் போய் உட்கார்ந்தது. லொரைன் நிஜம்தானா என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தாள். அப்படியே பார்த்துக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது.

"மம்மி, முடிஞ்சிடுச்சு. டாக்டர் வெளிய வந்தாங்க. எல்லாம் ஓகே, மம்மி. ஹி இஸ் ஓகே."

லொரைன் அந்த நாற்காலியிலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். தனியாகக் குத்திவைத்திருந்த ஊசியை எடுத்துத் தீவின்மேல் அவளே குத்தினாள். பிறகு பாத்ரூமுக்கு ஓடினாள்.

ஜூலியஸ் வார்டுக்கு மாற்றப்பட்டு, கஞ்சி குடிக்கத் தொடங்கியதும் அவள் விஷயத்தைச் சொன்னாள். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நெஞ்சில் தையல், சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"எப்ப கிடைச்சுது?"

"நீங்க உள்ள இருந்தப்பதான்."

"அப்ப கன்ட்ரோல்ல யாரு இருந்தது?"

"நான்தான். நீங்கதானே சொல்வீங்க, பக்கத்துல ஆள் உட்கார்ந்திருக்கணும்னு. உட்கார்ந்திருந்தேனே! பாத்ரூமுக்குக்கூடப் போகலை!"

ஜூலியஸின் முகத்திலிருந்த வெளிச்சம் போய்விட்டது. "ஆள்னா லைசென்ஸ் இருக்கற ஆள், லொரைன்" என்றார்.

லொரைன் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக் கழுவப் போய்விட்டாள். கழுவின கிண்ணத்தையே ரொம்ப நேரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பிய பிறகு யாரும் எதிர்பார்க்காத ஓர் ஆள் பார்க்க வந்தார். கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு கோவிந்தசாமி. நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"மீன்காரன் முன்னாடி என்னை என்ன பாடு படுத்துனீங்க? இப்ப உங்க வீட்டுலயே! சரி சரி, கோவிச்சுக்காதீங்க. நான் சொல்றதைக் கேளுங்க. இதுல ஒரு தப்பும் இல்லை. நீங்கதான் ஆப்பரேட்டர். லொரைன் உங்க கை, அவ்வளவுதான்."

"கை என்னோடதுன்னா மூளை எங்க இருந்துச்சு, அண்ணே? மயக்க மருந்துல இருந்துச்சு. நெஞ்சைத் திறந்து வெச்சிருந்தாங்க."

"அப்ப மெஷின் தானா பேசுச்சுன்னு வெச்சுக்குங்களேன்."

"அது அதைவிட மோசம்! அதுக்குத்தானே உங்களோட சண்டை போட்டேன்!"

"அது ரிமோட்டுன்னு அன்னிக்கே சொன்னேன்."

"மீன் வாய்ல ரிமோட்டா?"

இரண்டு பேரும் பழையபடி சண்டை போடுவதைக் கேட்டு லொரைனுக்கு ஒரு பக்கம் நிம்மதியாக இருந்தது. மறு பக்கம் பயமாகவும் இருந்தது. ஏனென்றால் ஜூலியஸ் என்ன செய்யப்போகிறார் என்று அவளுக்குத் தெரியும்.

அன்று மாலையே செய்தார். கணினி முன்னால் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டித் தட்டித் தீவுக்காரர்களுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினார். 'என் குறியில் நடந்த தொடர்பு என்னால் நடந்ததல்ல. நான் அறுவைக் கூடத்தில் இருந்தேன். உரிமம் இல்லாத என் மனைவி நல்லெண்ணத்தில் இயக்கிவிட்டாள். உங்கள் கணக்கிலிருந்து அதை நீக்கிவிடுங்கள்.' எழுதிமுடித்துவிட்டுச் சுவரிலிருந்த ஊசியைப் பிடுங்கக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க!"

லொரைன் போட்ட சத்தத்தில் அவர் திடுக்கிட்டுப் போனார். இத்தனை வருஷத்தில் அவள் இப்படிக் கத்தியதில்லை.

"அதைத் தொடாதீங்க. நீங்க உள்ள கிடந்தப்ப நான் நேர்ந்துக்கிட்டேன். அது பதில் சொன்னா நீங்க பொழைச்சுக்குவீங்கன்னு நேர்ந்துக்கிட்டேன். அது வந்துச்சு, உடனே டானி போன் பண்ணா. இப்ப அது இல்லைன்னு அழிச்சிட்டா, அப்ப நீங்க? எனக்குப் பயமா இருக்குங்க. முட்டாள்தனம்னு சொல்லுங்க, பரவாயில்ல. பயமா இருக்கு."

ஜூலியஸ் நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார். முட்டாள்தனம் என்று அவர் சொல்லவில்லை.

"நீ சொல்ற வரைக்கும் அனுப்ப மாட்டேன்" என்றார். எழுதின மின்னஞ்சல் அப்படியே திரையில் நின்றது. அவர் ரேடியோவைத் தொடுவதையும் நிறுத்திவிட்டார். அந்த அறைக்குள் போவதே இல்லை. மருந்து சாப்பிட்டார், நடந்தார், ஜெபமாலை சொன்னார், ஜன்னல் பக்கமாக உட்கார்ந்து இரும்புக் கடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் குறை சொல்லியிருந்தால்கூட லொரைன் எதிர்த்துச் சண்டை போட்டிருப்பாள்.

லொரைன் வேலைக்குத் திரும்பினாள். ஒருநாள் கவுண்டருக்கு ஒரு பெண் வந்தாள். கையில் வரிசை எண் இருந்தது, ஆனால் அவளுடையது இல்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு முடியவில்லையாம், அவர் பெயரில் மருந்து வாங்க வந்திருக்கிறாள். அடையாள அட்டையும் இல்லை, கடிதமும் இல்லை.

"அக்கா, நான் எனக்கா வாங்கறேன்? அவர் நல்லதுக்குத்தானே?"

"தெரியுதும்மா. ஆனா பேரு அவரோடது, கையெழுத்து உங்களோடதாகிடும். கொடுக்க முடியாது. அவர் போன் நம்பர் கொடுங்க, என்ன செய்யலாம்னு நான் பேசிப் பார்க்கறேன்."

வழக்கமாகச் சொல்கிற வார்த்தைதான். இத்தனை வருஷமாக எத்தனையோ பேரிடம் சொன்னதுதான். அந்தப் பெண் கோபமாக முறைத்துக்கொண்டு நின்றாள். லொரைனுக்கு அவளைப் பார்க்கப் பார்க்கத் தன்னைப் பார்ப்பது போலவே இருந்தது. வீட்டுக்குப் போகும் பேருந்தில் அவள் ரசீது எதையும் கிழிக்கவில்லை. "சனியன் பிடிச்ச ரூல்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. ஜூலியஸைத் திட்டலாம் என்றால் அவர் செய்யச் சொல்வதைத்தான் அவளே நாள் முழுக்கக் கவுண்டரில் செய்துகொண்டிருக்கிறாள்.

வீட்டில் ஜூலியஸ் மதியத் தூக்கத்தில் இருந்தார். லொரைன் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அந்த அறைக்குப் போனாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். மின்னஞ்சலை ஒருமுறை படித்தாள். 'நல்லெண்ணத்தில்' என்ற இடத்தில் கொஞ்சம் நின்றாள். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். எழுந்து சுவரிலிருந்த ஊசியைப் பிடுங்கிப் பழைய இடத்திலேயே, ஓரத்தில், குத்திவைத்தாள். பிறகு கால் தானாகப் படுக்கையறைக்கு ஓடியது. அவர் மார்பு ஏறி இறங்குகிறதா என்று, திரை மூடிய அறையின் இருட்டில் சரியாகத் தெரியவில்லை.

"ஏங்க. இருக்கீங்களா?"

"எங்க போகப் போறேன்" என்றது போர்வை. "இருக்கேன். என்ன?"

"ஒண்ணுமில்ல. தூங்குங்க."

அன்றிலிருந்து அது ஒரு பழக்கமாகிவிட்டது. சமையலறையிலிருந்து கேட்பாள், வேலையிலிருந்து போன் போட்டுக் கேட்பாள். ஜூலியஸும் சலிக்காமல் "இருக்கேன்" என்பார்.

தீவுக்காரர்கள் பதில் எழுதினார்கள். ஜூலியஸ் கேட்டுக்கொண்டபடி நீக்கிவிட்டார்களாம். கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அன்று கூட்டத்தின் இரைச்சலில் அந்த அழைப்பு மிகவும் சன்னமாக, ஆனால் விடாமல் வந்துகொண்டே இருந்ததாம். இவ்வளவு பொறுமைசாலி யார் என்று கூடாரத்தில் பேசிக்கொண்டார்களாம். உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார்கள். ஜூலியஸ் அதை இரண்டு தடவை சத்தமாகப் படித்துக் காட்டினார். "பொறுமைசாலியாம்!" என்று லொரைன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பரீட்சை எழுதச் சொன்னது கோவிந்தசாமிதான். "இவ்வளவு நேரம் உட்காரத் தெரிஞ்சா பாதிப் பரீட்சை பாஸ், லொரைன்" என்றார். அவள் முதலில் சிரித்தாள், பிறகு யோசித்தாள். பேருந்தில் ரசீதுக்குப் பதிலாகக் கேள்வித்தாள் வந்தது. மின்சாரம் பற்றிய கணக்கெல்லாம் அவளை அழவைத்தது. சட்டம் பற்றிய பகுதியில் மட்டும் ஒரு கேள்வியும் தப்பவில்லை. இயந்திரத்தின் கட்டுப்பாட்டில் யார் இருக்க வேண்டும் என்ற கேள்வி வந்தபோது பரீட்சைக் கூடத்திலேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

உரிமம் வந்தது. அவளுக்கென்று ஓர் அழைப்புக் குறி வந்தது. முதல் அழைப்பு யாருக்கு என்பதில் பேச்சே எழவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து வந்து, சோற்றை வடித்துவைத்துவிட்டு, லொரைன் ரேடியோ முன்னால் உட்கார்ந்தாள். ஜூலியஸ் கையடக்க ரேடியோவை எடுத்துக்கொண்டு அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே நடக்கப் போனார். டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார்.

"கீழ போனதும் கூப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

லொரைன் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, எழுதிவைத்ததைப் பார்த்து, அவர் குறியையும் தன் குறியையும் சொல்லிக் கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். வெறும் இரைச்சல் வந்தது. இந்நேரம் கீழே போயிருப்பாரே? படிக்கட்டில் இறங்கினாரா? தனியாகப் போகச் சொல்லியிருக்கக் கூடாது. அழித்துவிட்ட அந்தப் பச்சை வரி அவள் கண்முன்னால் வந்து நின்றது. குறி, முறை எல்லாம் மறந்துபோயிற்று. சிங்கப்பூரில் எத்தனை பேர் கேட்டுக்கொண்டிருந்தார்களோ தெரியாது, பொத்தானை அழுத்திக்கொண்டு கத்தினாள்.

"ஏங்க! இருக்கீங்களா?"

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கரகரவென்று ஒரு குரல் வந்தது. முதலில் அவளுடைய குறியை ஒவ்வோர் எழுத்தாக, ஒரு கவர்னரைக் கூப்பிடுவது போல நிதானமாகச் சொன்னது. அடுத்துத் தன் குறியைச் சொன்னது.

"இருக்கேன், லொரைன். லிஃப்ட் மாடிக்கு மாடி நின்னு வந்துச்சு, உள்ள சிக்னல் இல்ல. இப்ப நல்லா கேக்குது." பொத்தானை விட்டுவிட்டு மறுபடி அழுத்துகிற சத்தம் கேட்டது. "ஒண்ணு சொல்லணும். தீவு போனா போகுது. அன்னிக்கு நான் உள்ள கிடந்தப்ப நீ என் நாற்காலியில எழுந்திருக்காம உட்கார்ந்திருந்த. நான் ரூல் பேசினேனே தவிர அதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை. தேங்க்ஸ், லொரைன். ஓவர்."

லொரைன் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். பன்னிரண்டு மாடிக்குக் கீழே ஒரு சின்ன உருவம் தலையைத் தூக்கி அவள் ஜன்னலைத் தேடிக்கொண்டிருந்தது. அவள் நாற்காலிக்கு வந்து பொத்தானை அழுத்தினாள். இந்தத் தடவை முறை தவறவில்லை. முதலில் அவர் குறி, பிறகு தன் குறி.

"எல்லாம் கேட்டுச்சு. சோறு ஆறுது, மேல வாங்க. ஓவர்."